ஒரு பேர், அரைப்பேர்

நோர்வூட் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று கணக்கு. விடியற்காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு வந்து, சொன்ன மலைக்கு ஏறி, கேட்ட அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அந்த ஆளுக்கு ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். “இந்த மாசம் எனக்கு இருவத்தொன்றரப் பேரு” என்று ஒரு பெண் சொன்னால், அவள் சொல்வது தான் உழைத்த நாள்களை. அந்த அரையில் எத்தனை வாக்குவாதம் அடங்கியிருக்கிறது என்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பிரிகிற இடம் நோர்வூட். அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள், நாட்டின் மற்றப் பிள்ளைகளைப் போலவே, சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்தால் பாஸ்கல் மொழியைத் தொடுகிறார்கள். உயர்தரத்தில் எடுத்தால் பைத்தன். இரண்டுமே புதிதாகப் படிப்பவருக்கு இலகுவான மொழிகள். இரண்டிலும் தொடக்கப் பாடங்களில் ஒன்று தரவு வகைகள்: முழுவெண், தசம எண், எழுத்துச்சரம், உண்மை அல்லது பொய் என்ற இரண்டு பெறுமானம் மட்டுமே கொண்ட பூலியன். கணினிக்கு ஒரு விவரத்தைக் கொடுக்கும்போது அது எண்ணா எழுத்தா, முழுசா பின்னமா என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகுதான் அதைக் கூட்டலாமா, ஒட்டலாமா, இன்னொன்றோடு ஒப்பிடலாமா என்பது முடிவாகிறது.

வகுப்பில் இது வறண்ட பாடமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் வாழ்க்கையை ஒன்றரை நூற்றாண்டாக ஆண்டவை இதே தீர்மானங்கள்தான். செக்ரோலில், டின் டிக்கட்டில், அடையாள அட்டையில், இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்று எல்லா இடத்திலும் ஓர் ஆளைப் பற்றிய விவரத்தை எந்த வகையாக எழுதுவது என்று யாரோ முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் பெரியாபீசிலோ கொழும்பிலோ டில்லியிலோ இருந்தார்கள். அதன்படி வாழ்ந்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867-இல். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் கணக்கு எழுதும் பழக்கம் இருந்தது. செக்ரோல் என்பது அடிப்படையில் ஓர் அட்டவணை: ஓர் ஆளுக்கு ஒரு வரி, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், வரியின் முடிவில் மொத்தம், அதன்பிறகு சம்பளமும் கழிவுகளும். பெரட்டுக் களத்தில், ஆள்களைக் கூட்டிவந்து மேற்பார்த்த கங்காணி ஆளைக் காட்டுவார், கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்வார். வந்தாரா, வரவில்லையா என்ற கேள்விக்கு இரண்டே விடைதான் உண்டு.

இதைத்தான் கணினி மொழிகள் பூலியன் என்கின்றன. ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1854-இல் வெளியிட்ட நூலில், உண்மை பொய்களை ஒன்றும் பூச்சியமுமாக வைத்துக் கணக்குப் போடலாம் என்று காட்டினார். பைத்தனில் இது இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. இரண்டு உண்மைகளையும் ஒரு பொய்யையும் கூட்டச் சொன்னால் அது தயங்காமல் 2 என்று விடை தரும். கங்காணிமாருக்குக் கிடைத்த தலைக்காசு இந்தக் கூட்டல்தான். தன் கூட்டத்திலிருந்து அன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனியாகக் காசு உண்டு. வந்தவர் ஒன்று, வராதவர் பூச்சியம். அதனால்தான் காய்ச்சல்காரரையும் கைப்பிள்ளைக்காரியையும் லயத்துக் கதவைத் தட்டி எழுப்பிக் கொண்டுவருவதில் கங்காணிக்கு அவ்வளவு அக்கறை. அவருக்கு வேண்டியது அந்தக் கட்டத்தில் ஓர் ஒன்று.

அரைப்பேர் வந்ததும் கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் இடையே அரை என்று ஒரு பெறுமானம் நுழைந்தால் அது பூலியனாக நிற்காது, தசம எண்ணாகிவிடும். ஆள் வந்ததைக் களத்தில் நின்ற நூறு பேரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வந்த ஆளின் நாள் முழுசா அரையா என்பதைத் தராசும், அன்றைக்குத் தோட்டம் வைத்த அளவும், பேனா பிடித்தவரின் கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மழை நாளில் கொழுந்து கனக்கும். வறட்சியில் கொழுந்தே இருக்காது. நாள் முழுக்கச் செடிக்குள் நின்றவளுக்கு அரை விழும்போது, அவள் இழப்பது கூலியில் பாதியை மட்டுமல்ல, தான் அங்கே நின்றதற்கான சாட்சியத்தில் பாதியையும்தான்.

தராசு பக்கம் இன்னொரு பாடம் இருக்கிறது. கொழுந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள். இதற்குப் பைத்தனில் ஒரு சிறு நிரல் எழுதும் மாணவர், காலை நிறுவையையும் மாலை நிறுவையையும் விசைப்பலகை வழியாக வாங்கிக் கூட்டச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் 12 கிலோ, மாலையில் 9. விடை 21 வர வேண்டும். திரையில் 129 என்று வரும். விசைப்பலகையிலிருந்து வரும் எதையும் பைத்தன் எழுத்துச்சரமாகவே வாங்குகிறது. எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் அது ஒன்றையடுத்து ஒன்றாக ஒட்டித்தான் வைக்கும். முழுவெண்ணாக மாற்று என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் 21 கிடைக்கும். புதிதாகப் படிக்கும் அநேகமாக எல்லோரும் விழுந்து எழும் இடம் இது.

அந்த மாற்றத்திலும் ஒரு பொறி உண்டு. 7.9 என்ற தசம எண்ணை முழுவெண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தன் 8 என்று தராது, 7 என்று தரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். பாஸ்கலில் வெட்டுவதற்கு ஒரு கட்டளையும், கிட்டிய முழுவெண்ணுக்குக் கொண்டுபோக இன்னொரு கட்டளையும் தனித்தனியாக இருக்கின்றன; எழுதுபவர் தெரிந்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று நிறுவையிலும் 7.9 கிலோ வந்து, ஒவ்வொன்றும் 7 என்று எழுதப்பட்டால், ஒரு நாளில் 2.7 கிலோ மறையும். 25 நாளில் 67.5 கிலோ. நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள், ஈரத்துக்கு ஒரு கழிவு, கூடைக்கு ஒரு கழிவு என்று போய்க்கொண்டே இருக்கிறது என்பது தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் முறைப்பாடு. 1970-களில் நாடு இறாத்தலை விட்டுக் கிலோவுக்கு மாறியபோது இதே கேள்வி வேறு வடிவத்தில் எழத்தான் செய்திருக்கும். 40 இறாத்தல் என்பது 18.14 கிலோ. ஒரு நாளுக்குக் கொடுக்க வேண்டிய அளவை முழுக்கிலோவில் வைப்பதென்றால் அந்த 0.14 யார் பக்கம் போகும் என்று ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

காசுக் கணக்கு இன்னும் சுவையானது.

பாஸ்கல் மொழியை 1970-இல் சூரிச்சில் உருவாக்கியவர் நிக்லாஸ் விர்த். மாணவருக்கு ஒழுங்காக நிரல் எழுதக் கற்பிப்பதே அதன் நோக்கம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பஸ்கால் நினைவாக அந்தப் பெயர். பஸ்கால் 1642-இல், இருபது வயதுக்குள்ளேயே, ஒரு கணக்கிடும் பொறியை அமைக்கத் தொடங்கினார். அவருடைய தந்தை ரூவான் நகரில் வரி அதிகாரி. இரவு பகலாகக் கூட்டிக் கழித்த அவருடைய சுமையைக் குறைக்க வேண்டும் என்பதே மகனின் எண்ணம். காசு எண்ணுவதற்காகச் செய்த பொறிகளில் எல்லாச் சக்கரமும் பத்துப் பல் கொண்டவை அல்ல. பிரெஞ்சுக் காசில் 12 தெனியே ஒரு சூ, 20 சூ ஒரு லீவ்ர். அதனால் கடைசிச் சக்கரத்துக்கு 12 பல், அடுத்ததற்கு 20. காசு என்ற தரவு வகைக்கு ஏற்றபடி உலோகத்தையே வடித்தார் அவர்.

இலங்கையிலும் கோப்பிக் காலத்தில் பவுண், ஷிலிங், பென்ஸ் என்று அதே 12-20 கணக்குத்தான். 1872-இல் அது மாறியது. பிரித்தானியப் பேரரசில் பல நாடுகளுக்கு முன்பாகவே இலங்கை பத்தின் மடங்குக் காசுக்கு வந்தது: ஒரு ரூபாவுக்கு 100 சதம். இந்தியாவில் 16 அணா கணக்கு 1957 வரை ஓடியது. பிரித்தானியாவே 1971 வரை ஷிலிங்கை விடவில்லை. அணாவும் பைசாவும் எண்ணிப் பழகி, திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கிய கையோடு சதக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள்.

1927-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், 1929 தொடக்கத்திலிருந்து மேல்மலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. ஒரே செடியில் ஒரே கொழுந்தைக் கிள்ளினாலும் ஆளின் வகையைப் பார்த்துத்தான் பெருக்கும் எண். இந்த மூன்று எண்ணில் 43 மட்டும் ஒற்றை. பெண்ணுக்கு அரைப்பேர் விழுந்தால் இருபத்தொன்றரைச் சதம் என்று வரும். அரைச் சதக் காசு அன்றைக்குப் புழக்கத்தில் இருந்ததால் கணக்கு நின்றது. ஆணும் பெண்ணும் ஒரே நாட்சம்பளம் பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை வைத்துப் பார்த்தால், 55 ஆண்டுகளாக அந்தப் பெருக்கலில் எவ்வளவு போயிருக்கும் என்பதை நினைக்கவே வயிறு எரிகிறது.

இந்தக் கணக்கைப் பைத்தனில் போடுபவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 0.1 உடன் 0.2-ஐக் கூட்டினால் அது 0.3 என்று காட்டாது, 0.30000000000000004 என்று காட்டும். கணினி தசம எண்களை இரண்டின் மடங்குகளில் எழுதி வைக்கிறது. நமக்கு மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் மடங்கில் எழுதி முடிக்க முடியாதது போல, கணினிக்குப் பத்தில் ஒரு பங்கை எழுதி முடிக்க முடியாது. பைத்தனுக்கு முன்னோடியாக, ஆம்ஸ்டர்டாமில் கற்பித்தலுக்கென்றே உருவாக்கப்பட்ட ஏபிசி என்ற மொழி பின்னங்களைப் பின்னமாகவே வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டது. அந்த மொழியில் வேலை செய்த கீடோ வான் ரொசம் 1991 பெப்ரவரியில் பைத்தனை வெளியிட்டபோது வேகத்தையும் எளிமையையும் கருதி வேறு வழியில் போனார். அதனால் சம்பள நிரல் எழுதுபவர்கள் ரூபாவைத் தசமத்தில் வைக்காமல் எல்லாவற்றையும் சதமாக்கி முழுவெண்ணில் வைப்பது நல்ல வழக்கம். 54 சதத்தை 21-ஆல் பெருக்கினால் 1134 சதம்; அதில் எந்தப் பிசகும் வராது.

ஆனால் முழுவெண்ணுக்கும் எல்லை உண்டு. 1980-களில் சிறிய கணினிகளில் பரவலாக ஓடிய டர்போ பாஸ்கலில் சாதாரண முழுவெண் 32,767 வரைதான் போகும். சதத்தில் எழுதினால் அது 327 ரூபா 67 சதம். ஒரு மாதச் சம்பளம் அதைத் தாண்டினால், கவனிக்காமல் எழுதப்பட்ட நிரலில் கூலி கழித்தல் குறியோடு வந்து நிற்கும். பைத்தனில் அந்தக் கவலை இல்லை. அதன் முழுவெண், கணினியின் நினைவகம் இடம் கொடுக்கும்வரை வளரும்.

ஆளுக்கு எண் கொடுத்த கதைக்கு வரலாம். 1901-இல் தொடங்கிய டின் டிக்கட் முறையின்படி, தோட்டத்துக்கு ஆள் கட்டும்போது எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்றை ஆளின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள், அந்தத் தோட்டத்தில் எத்தனையாவது ஆள் என்பதை வில்லையே சொல்லிவிடும். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. அந்த எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் தேவை இல்லை. 214-ஆம் ஆள் 107-ஆம் ஆளைவிட இரண்டு மடங்கு என்று அர்த்தமில்லை. பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் வேலையில் அது பெயர். நிரல் எழுதப் பழகுபவருக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்: தொலைபேசி எண், அங்கத்துவ எண், அட்டை எண் எல்லாம் எழுத்துச்சரமாகவே வைக்கப்பட வேண்டியவை. எண்ணாக வைத்தால் முன்னால் வரும் பூச்சியம் காணாமல் போய்விடும்.

அந்தக் காலத்தில் ஆளோடு சேர்ந்து போன உண்மையான எண் வேறொன்று. அது கடன். ஊரிலிருந்து கூட்டிவரக் கொடுத்த முற்பணம் கங்காணியின் கணக்கில் ஏறி, அது தீர்ந்தால் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வழியாகத் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் இடம் மாறுமே தவிரத் தீராது. இந்த எண் கூட்டலுக்கு நன்றாகவே இடம் கொடுத்தது, கழித்தலுக்குத்தான் மிகவும் அரிதாக. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய 1931-இலும், பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு பக்கம், அதில் எழுதப்பட்டவர் இன்னொரு பக்கம் என்ற நிலை மாறியிருக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, சம்பளம் எவ்வளவு வர வேண்டும் என்பதை அவர் தமிழில் எடுத்துச் சொன்னதற்கு அவ்வளவு எதிர்ப்பு எழுந்தது அதனால்தான்.

பெயர்களும் எழுத்துச்சரங்கள்தான். அவற்றில் பட்ட பாடு தனி. லயத்தில் தமிழில் வைத்த பெயரைத் தோட்டத்து ஆபீசில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். பிறப்புப் பதிவு சில இடங்களில் சிங்களத்தில் நடந்தது. பிறகு அடையாள அட்டைக்கு மறுபடியும் ஒரு தடவை எழுத்து மாறியது. ஓரிடத்தில் லெட்சுமி, இன்னோரிடத்தில் லெச்சுமி. அவளை அறிந்த யாருக்கும் இரண்டும் ஒருத்திதான். பைத்தனிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் பொய் என்று சொல்லும். ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு வேறு சரம். 1958-இன் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியில் முப்பது நாற்பது ஆண்டு உழைப்பைச் சேர்த்து வைத்தவர்கள், ஓய்வுபெற்றபின் பணத்தை எடுக்கப் போகும்போது, கணினி சொல்லும் அதே பதிலை மனிதர்கள் வாயால் கேட்டிருக்கிறார்கள். பெயர் பொருந்தவில்லை, சத்தியக் கடதாசி கொண்டுவா.

தமிழ் எழுத்தைக் கணினி எப்படி எண்ணுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நோர்வூட் என்ற சொல்லுக்கு நீளம் எத்தனை என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் நோ, ர், வூ, ட் என்று விரல் மடக்கி நான்கு என்று சொல்லும். பைத்தன் எட்டு என்று சொல்லும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. கோப்பாகச் சேமித்தால் 24 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்று நினைத்து வடிவமைத்த படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பைத்தன் ௧௨ என்று தமிழ் இலக்கத்தில் எழுதிய சரத்தை முழுவெண்ணாக மாற்றச் சொன்னால் தயங்காமல் 12 என்று எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் பத்துக்கு எழுதும் ௰-வைக் கொடுத்தால் மட்டும் மறுத்துவிடும். ஒருங்குறி அதை இலக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் எண் தரவு வகைகளுக்கு ஒரு முழுப் பாடம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். 78542 என்று தொடங்கினால் 1978-இல் 42-ஆம் நாள், அதாவது பெப்ரவரி 11-இல் பிறந்த பெண். ஐந்து இலக்கத்துக்குள் ஒரு தேதியும் ஆணா பெண்ணா என்ற ஒரு பூலியனும் ஒளிந்திருக்கின்றன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடக்கிய அட்டை 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் வளர்ந்து வந்ததும் தடுமாறியது. அவர்களுடைய எண் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். 1900-களின் தொடக்கத்தில் பிறந்த முதியவர்களோடு குழம்பவும் கூடும். 2016-இலிருந்து நான்கு இலக்க ஆண்டோடு 12 இலக்க எண் வந்தது.

பழைய அட்டையின் அந்தக் கடைசி எழுத்துத்தான் மலையகத்துக்கு மிக நெருக்கமானது. வி என்றால் வாக்குரிமை உள்ளவர். எக்ஸ் என்றால் இல்லாதவர். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

1931-இல் நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரைப் பிரசைகள் அல்லாதவர்களாக்கியது. அடுத்து வாக்கும் போயிற்று. 1949-இல் இந்திய, பாகிஸ்தானியருக்கென்று தனிச் சட்டம் வந்தது. மணமானவர் 1946-க்கு முன்னே ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு, இடையறாமல் இங்கே வாழ்ந்ததை ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஒரு தடவை ஊருக்குப் போய்த் தங்கியவருக்கும், பதிவில் இடைவெளி விழுந்தவருக்கும் சிக்கல். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புது டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் மொத்தம் 975,000 என்று வைத்துக்கொண்டார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நான்கு என்ற விகிதம். மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். யாருடைய பெயரும் அதில் இல்லை. எல்லாம் ஆயிரத்தில் முழுசாக முடியும் எண்கள். எந்தக் குடும்பம் எந்த எண்ணுக்குள் விழும் என்பது பின்னால் படிவம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஓர் எண்ணுக்குள்ளும் தம்பி இன்னோர் எண்ணுக்குள்ளும் போன குடும்பங்கள் மலையெங்கும் உண்டு.

அந்த 150,000-க்குக் கணினி மொழிகளில் ஒரு வகை இருக்கிறது. வெற்றுப் பெறுமானம் என்று சொல்லலாம்: பூச்சியமும் அல்ல, பொய்யும் அல்ல, இன்னும் எதுவும் குறிக்கப்படவில்லை என்ற நிலை. டோனி ஹோர் என்ற பிரித்தானிய அறிஞர், விர்த்தோடு சேர்ந்து அல்கோல் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்த காலத்தில், 1965-இல், இதற்கு இடம் கொடுத்தார். செய்வது சுலபமாக இருந்ததால் செய்துவிட்டேன் என்று 2009-இல் வருந்தி, அதை நூறு கோடி டொலர் தவறு என்றார். பைத்தனில் வெற்றுப் பெறுமானத்தோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும். ஆனால் ‘இது உண்மையானால் இதைச் செய்’ என்ற நிபந்தனைக்குள் அதைக் கொடுத்தால் பைத்தன் அதைப் பொய்யைப் போலவே நடத்தும். முடிவாகவில்லை என்பது இல்லை என்பதாகிவிடும். நாடற்றவர்களுக்கு ஒவ்வோர் அலுவலகப் படியிலும் நடந்தது இதுதான். அவர்களுடைய நிலை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று தாளில் இருந்தது. வாக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, அரசாங்க வேலை இல்லை என்று வாழ்க்கையில் இருந்தது.

பத்து ஆண்டு கழித்து, 1974-இல், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த 150,000-ஐச் சரிபாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் போருக்குள் நின்றுபோனது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டும் போக முடியாதவர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு இங்கேயே பிள்ளைகள் பிறந்தார்கள். 1988-இல் ஒரு சட்டம் வந்தும் எல்லோருக்கும் கதவு திறக்கவில்லை.

2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் கேள்வியையே மாற்றி எழுதியது. எத்தனை ஆண்டு, எந்த ஆவணம், எந்த ஒதுக்கீடு என்ற கேள்விகளை விட்டுவிட்டு ஒரே ஒரு தேதியோடு ஒப்பிட்டது: 1964 ஒக்டோபர் 30-இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரா, அல்லது அப்படிப்பட்டவரின் வழிவந்தவரா. இரண்டில் ஒன்று உண்மையானால் பிரசை. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு அந்த ஆண்டின் இறுதியில் நடந்த நடமாடும் சேவைகளில் பத்தே நாளில் சுமார் 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றார்கள். தொண்டர்கள் தோட்டம் தோட்டமாக நின்று படிவம் நிரப்பினார்கள். பிரகடனத்தில் கையெழுத்திட்ட பலருக்கு அதற்குப் பிறகும் வேலை மிச்சமிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பெயர் மாறிக் கிடந்தவர்கள் திருத்தம் கேட்க வேண்டும். அதன்பிறகுதான் அடையாள அட்டைக்கு விண்ணப்பம், அதற்கும் பிறகு வாக்காளர் இடாப்பு. அறுபது எழுபது வயதில் முதல் தடவையாக அட்டை எடுத்தவர்களும் அந்த வரிசைகளில் நின்றார்கள்.